நடுவில் எழுந்த இடங்கள்

ஏப்ரல் 28, திங்கள்

என் பெயர் தொம்மை. இதை எழுதுவது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு இல்லை.

விண்ணரசி டீச்சர் சாயங்காலங்களில் கோயில் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். இரண்டு மழைக்காலம் போய் வந்தேன். இப்போது, "படிச்சது மறக்காம இருக்கணும்னா தினமும் நடந்ததை எழுதுங்க ஐயா" என்று இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவனுக்கு தினமும் என்ன நடந்துவிடும் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் நிறைய நடக்கிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஜூன் பதினான்கு வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதற்குள் வலைகளைச் சரிசெய்துவிட வேண்டும். நானும் என் மச்சினன் சந்தியாகுவும் வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்து ஜெசிந்தாவின் படகுக்கு வலை பின்னுகிறோம். போன பருவம் முழுக்கப் பாறையில் இழுபட்ட வலை. கிழிசலுக்குக் குறைவில்லை.

ஜெசிந்தாவின் புருஷன் போன வருஷம் நெஞ்சு வலியில் போய்விட்டான். ஒரு பெண்பிள்ளை படகு வைத்து நடத்துவாளா என்று கரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. படகில் போகிற ஆட்கள் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தடை முடிந்து எல்லாப் படகும் இறங்குகிற அன்று இந்தப் படகும் இறங்கினால் இருப்பார்களாம். இல்லையென்றால் வேறு படகுக்குப் போய்விடுவார்களாம். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. முதல் நாள் மீன்தான் வருஷத்தின் பெரிய மீன். ஆள் போன படகு கட்டிக் கிடக்கும். கட்டிக் கிடக்கிற படகைக் கடைசியில் விற்கத்தான் வேண்டும்.

ஆகவே வலை முடிய வேண்டும். நாள் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. இன்று அந்தப் படகின் மூக்கில் எழுதியிருப்பதை வாசித்தேன். 'அலைகளின் அன்னை'. பெயர் முன்பே தெரியும், ஊரார் சொல்லி. இன்றைக்குத்தான் படகே என்னிடம் சொன்னது.

மே 1, வியாழன்

சூசை கடையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதத்தில் ஒரு யானை ஊருக்குள் வந்த செய்தி இருந்தது. வாழைத்தோட்டத்தை மிதித்து, ஒரு வீட்டுக் கதவில் தலையை வைத்துத் தள்ளியது வரை வாசித்தேன். அதற்குமேல் காகிதம் கிழிந்திருந்தது. வீட்டுக்குள் ஆள் இருந்ததா இல்லையா? மீதித் துண்டு கடையில் இருக்குமென்று கட்டுக் கட்டாகப் புரட்டினேன்.

"பெரியவரே, வடை வாங்க வந்தீரா, யானை வாங்க வந்தீரா?" என்றான் சூசை.

கிடைக்கவில்லை. கூடத்துக்குத் திரும்பியபோது சந்தியாகு ஒரு பெரிய கிழிசலை முழுக்க முடித்திருந்தான். வேகமான கை. ஆனால் பாவம், அவனுக்கு வாசிக்கத் தெரியாது. யானையைப் பற்றிச் சொன்னேன். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான். கேட்டதோடு சரி, தலை நிமிரவில்லை.

மே 5, திங்கள்

கிழிசல் பின்னுவது எப்படி என்று எழுதுகிறேன். டீச்சருக்குப் பிடிக்கும்.

முதலில் கிழிந்த ஓரத்தைக் கத்தியால் ஒழுங்கு செய்ய வேண்டும். மேலே ஒரு நூல் அறுந்து மூன்று கால் நிற்கிற ஒரு முடிச்சைத் தேடி அங்கே தொடங்க வேண்டும். வரிசை வரிசையாகக் கண்ணி போட்டு இறங்கி, கீழே மூன்று கால் நிற்கிற இன்னொரு முடிச்சில் முடிக்க வேண்டும். தொடங்கியவன் முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் எந்தக் கண்ணியில் விட்டோம் என்பதில் கண் ஏமாற்றும். ஒரு கண்ணி கூடினாலும் குறைந்தாலும் வலை அந்த இடத்தில் பை விழும். குவித்துப் போட்டிருக்கும்போது தெரியாது. கடலில் இழுக்கும்போது பாரமெல்லாம் அந்த ஓர் இடத்தில் போய் உட்காரும். அங்கே கிழியும். கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எழுதிப் பார்க்கும்போது ஏதோ நானே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

இதை எழுதும்போது ஊசி என் மடியில் கிடக்கிறது. நல்ல வாக்கியம் தோன்றினால் உடனே எழுதிவிட வேண்டும். பிறகு தேடினால் வராது.

சந்தியாகு முறைக்கிறான்.

மே 9, வெள்ளி

என்னைச் சும்மா விடுகிறார்களா? காலையில் எங்கள் தெரு அந்தோணியம்மாள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். போய்க் கூடத்து வாசல் வெளிச்சத்தில் வாசித்துச் சொன்னேன். பிறகு ஐஸ் கம்பெனிச் சுவரில் புது நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை நான் வாசிக்காமல் யார் வாசிப்பது? நாலு பேர் கூடிவிட்டார்கள். "தொம்மை வாத்தியாரே, சத்தமா" என்றார்கள். கேலிதான். ஆனாலும் சத்தமாக வாசித்தேன்.

சந்தியாகுவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சட்டைப் பையில் சிவப்பு நூல் வைத்திருக்கிறான். வலையில் நான் பின்னுகிற பக்கத்தில் அங்கங்கே ஒரு துண்டு கட்டுகிறான்.

"ஏல, எதுக்குல இது?"

"ஒரு அடையாளத்துக்கு அத்தான்."

"என்ன அடையாளம்?"

"இருக்கட்டுமே."

மாதாவுக்கு ஏதோ நேர்ந்திருப்பான். சொன்னால் பலிக்காது என்று நான் அதற்குமேல் கேட்கவில்லை.

மே 14, புதன்

ஜெசிந்தா கூடத்துக்கு வந்தாள். வெள்ளைச் சேலை கட்டுவதை விட்டுவிட்டாள். அதற்கும் கரையில் பேச்சு. வலைக் குவியலைச் சுற்றி நடந்தாள். எதையும் தூக்கிப் பார்க்கவில்லை.

"மாமா, பாதி தாண்டிட்டா?"

"தாண்டிரும்மா."

"தாண்டிரும்னா இன்னும் தாண்டலன்னு அர்த்தம்" என்றாள். பிறகு, "மேலத்தெருப் போட்டுக்காரரு ரீகன்கிட்ட ரெண்டு தடவை பேசிட்டாராம். எங்கிட்டயே வந்து சொல்லுதாவ" என்றாள். ரீகன்தான் அவள் படகை ஓட்டுகிறவன்; படகைத்தான் கரையில் போட்டு என்போம். அவன் எந்தப் படகில் ஏறுகிறானோ மற்ற ஆட்களும் அதில்தான் ஏறுவார்கள்.

"மக்கா, நீ கவலைப்படாத. தொம்மை இருக்கேன்" என்றேன்.

சந்தியாகு இருமினான்.

அவள் போனதும் எனக்கு மனசு சரியில்லை. மனசு சரியில்லாமல் ஊசி பிடித்தால் கண்ணி தப்பும். ஆகவே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

மே 15, வியாழன்

வெயில். வேலை ஓடவில்லை.

மே 20, செவ்வாய்

சந்தியாகு என்னிடம் பேசவில்லை. காரணத்தை எழுதுகிறேன், நியாயம் யார் பக்கம் என்று தெரியட்டும்.

பழைய விசைப்படகு ஒன்றைக் கரையேற்றினார்கள். கயிறு போடுகிற விதம் தப்பு. கூடத்திலிருந்தே தெரிந்தது. சொல்லாமல் இருக்க முடியுமா? போய்ச் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் ஏற்றி முடியும்வரை நின்றுவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்தால் சந்தியாகு நூலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவப்படுவீரு."

"அப்பம் சொல்லாத."

"ஒரு கிழிசல முடிச்சிட்டு எந்திரிக்கக் கூடாதா? உம்ம வாயாலதான எங்களுக்கெல்லாம் சொல்லுவீரு."

"நானாவா எந்திரிக்கேன்? கூப்புடுதாவ, போறேன். ஒன்னய எவனாவது கூப்புடுதானா?"

இது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் பெண்டாட்டியின் தம்பி. வயதும் அறுபது. எனக்கு எதிர்வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவன். ஆனால் அவன் சொன்னதும் சரியில்லை. நான் எழுந்ததற்கெல்லாம் காரணம் இருந்தது.

சாயங்காலம் நல்ல செய்தி. ஜூன் பதினான்கு அன்று பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதிகாரி வருகிறார். மைக், மேடை எல்லாம் உண்டு. படித்தவர்களில் ஒருவர் தான் எழுதிய ஒரு பக்கத்தை வாசிக்க வேண்டுமாம். டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்!

வீட்டில் என் பெண்டாட்டி புஷ்பத்திடம் சொன்னேன். "அன்னைக்குத்தான வலைக்கும் கெடு?" என்றாள். விழா சாயங்காலம் நாலு மணிக்கு. வலை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

மே 26, திங்கள்

எதை வாசிப்பது என்று தீர்மானமாகவில்லை. மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். கூடத்தில் நூலும் குறைவு, காற்றும் அதிகம், பேச்சும் அதிகம். இப்படி இருந்தால் வேலை எப்படி ஓடும்?

சிவப்பு நூல் இப்போது என் பக்கம் நிறைய இருக்கிறது. காற்றில் ஆடும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

ஜெசிந்தா இரண்டாவது தடவை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் அப்போது கூடத்தில் இல்லை. சந்தியாகு சொன்னான். அதாவது, புஷ்பத்திடம் சொன்னான், புஷ்பம் என்னிடம் சொன்னாள்.

இனி எழுந்திருக்கப் போவதில்லை. யார் கூப்பிட்டாலும்.

ஜூன் 4, புதன்

அந்தோணியம்மாளுக்கு மட்டும் போனேன். அவளுக்குச் சர்க்கரை.

ஜூன் 7, சனி

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

வலையைக் கடலுக்கு அனுப்புவதற்கு முன்னால் மணலில் விரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். படகின் ஆட்கள் வந்து இரு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். கூடத்தில் குவியலாகக் கிடந்தபோது காட்டாததை அப்போது வலை காட்டிவிடும். பின்னி முடிந்தவரைக்கும் பார்த்துவிடலாம் என்று ரீகன் ஆட்களோடு வந்துவிட்டான். ஜெசிந்தாவும் வந்தாள்.

விரித்ததும் ரீகன் சிரித்தான். "என்ன பாட்டையா, வலைக்குத் தோரணம் கட்டிருக்கீய? மாதா சப்பரமா இழுக்கப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. என் பக்கம் முழுக்கச் சிவப்பு நூல்.

பிறகு இழுத்தார்கள். வலை விறைத்தது. சந்தியாகுவின் பக்கம் பாய் போலப் படுத்தது. என் பக்கம் படுக்கவில்லை. நூல் நின்ற இடமெல்லாம் சுருங்கி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. ஒரு நூல்கூடத் தப்பவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

"நூல் யாரு கட்டினது?" என்றான் ரீகன்.

"நாந்தான்" என்றான் சந்தியாகு.

"எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "சொல்லுல" என்றேன்.

"அத்தான் கிழிசலுக்கு நடுவுல எந்திரிச்சுப் போன இடம்." அவன் குரல் மணலுக்குள் போனது. "விரிக்கதுக்கு முன்னால நானே பிரிச்சுப் பின்னிருவோம்னுதான் அடையாளம் வச்சேன். யாருக்கும் தெரியாமப் போயிரும்னு. நூலு கூடிப் போச்சு."

நான் முதல் நூலின் பக்கத்தில் போய்க் குந்தினேன். "இது எப்பம்?"

"அது நீரு யானையத் தேடப் போனதுக்கு மறுநாளு. பேப்பர் வாசிக்கப் போனீரு."

"இது?"

"ஐஸ் கம்பெனி நோட்டீசு."

"இது?"

"போட்டு கரையேத்துனாவள்ளா? அது."

"இது மாத்திரை. இல்லியா?"

"மாத்திரை அங்க. இது டீ."

இப்படியே போய் ஒரு மூலைக்கு வந்தோம். அங்கே நூல்கள் நெருக்கமாக, செடி முளைத்தது போல இருந்தன. இங்கே நான் யார் கூப்பிட்டும் எழுந்து போன ஞாபகம் இல்லை. தைரியமாகக் கேட்டேன். "இதெல்லாம் என்னல? இங்க நான் எந்திரிக்கவே இல்லியே."

"எந்திரிக்கல அத்தான். ஊசியக் கீழ வச்சிட்டு நோட்டு எழுதுனீரு."

ஒருத்தன் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ரீகன்தான் பேசினான். "வார சனிக்கிழமை சாயங்காலம் வலை போட்டுல ஏறணும். ஞாயித்துக்கெழம யாரும் ஊசி தொடமாட்டோம், தெரியும்ல? சனிக்கிழமை ஏறலன்னா, திங்கக்கிழமை நாங்க வேற போட்டுல ஏறிருவோம். பாட்டையா கோவிச்சுக்கிடக் கூடாது."

ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஆகுமா ஆகாதா? ஆகாதுன்னா இப்பமே சொல்லிருங்க. இன்னைக்கே அழுது முடிச்சிட்டு நான் வேற வேலையப் பாக்கணும்."

"ஆகும்" என்றேன்.

இப்படி அவளிடம் முன்பும் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சொல்லிவிட்டு நூல்களை எண்ணினேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஊசி தொடக் கூடாது. பூசைக்குப் போய்விட்டு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று. நான் எழுந்து போனேன் என்று எங்கேயும் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள், என்னைச் சும்மா விடவில்லை, காற்று, வெயில், பேச்சு என்றுதான் இருக்கிறது. அவர்கள் கூப்பிட்டது உண்மை. கூப்பிடுவார்களா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்மை. அதை எழுதவில்லை.

வாழ்நாள் முழுக்க என்னிடம் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை. வலை கிழிந்தால் வருவார்கள். எழுத்து தெரிந்ததும் வேறு மாதிரி வந்தார்கள். அது இனித்தது. கிழிசலுக்கு நடுவில் இருக்கும்போதுதான் அதிகம் இனித்தது.

நோட்டைப் புஷ்பத்திடம் கொடுத்துவிட்டேன். சோறு தின்ற பிறகுதான் தருவாள். ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரம் வரைதான் எழுதலாம். அவள் போட்ட சட்டம்.

ஜூன் 9, திங்கள்

பிரித்தோம். பின்னுவதைவிடப் பிரிப்பது கஷ்டம். நம் கை போட்ட முடிச்சு நமக்கே அவிழ மாட்டேன் என்கிறது. நானும் சந்தியாகுவும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் போன மாதத்துப் பேசாமை இல்லை இது.

ஜூன் 10, செவ்வாய்

அந்தோணியம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள். கை தானாக ஊசியைக் கீழே வைக்கப் போனது. பிடித்துக்கொண்டேன்.

"உக்காரு தாயி. கீழ் முடிச்சுக்கு வந்துட்டு வாசிக்கேன்."

உட்கார்ந்தாள். வெற்றிலை போட்டாள். சந்தியாகுவிடம் மருமகளைப் பற்றிப் புகார் சொன்னாள். நான் முடித்துவிட்டு வாசித்துச் சொன்னேன். போய்விட்டாள். ஒன்றும் குடிமுழுகவில்லை.

இவ்வளவுதானா!

ஜூன் 12, வியாழன்

விரல் வெடித்து ரத்தம். துணி சுற்றிக்கொண்டேன். இன்னும் நிறைய நூல் இருக்கிறது. ஜெசிந்தா கூடத்துக்கு வரவே இல்லை. வராமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

ரீகனை மேலத்தெருப் படகில் பார்த்ததாகச் சூசை சொன்னான்.

ஜூன் 13, வெள்ளி

இன்று அந்தோணியார் திருநாள். சப்பரம் கூடத்து வாசல் வழியாகத்தான் போனது. பாண்டு வாத்தியம் நின்று வாசித்தது. நான் நடுக் கிழிசலில் இருந்தேன். அந்தோணியாருக்குப் புது அங்கி என்று புஷ்பம் சொன்னாள். நான் வலையின் கண்ணி வழியாகச் சப்பரம் தூக்கியவர்களின் கால்களை மட்டும் பார்த்தேன்.

கோயிலில் எல்லோருக்கும் போடுகிற அசனச் சோற்றை அவள் கூடத்துக்கே கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஊட்டிவிடப் பார்த்தாள். "விடுக்கா, எனக்குக் கை இருக்கு" என்றான் சந்தியாகு. "எங்க இருக்கு, வலைக்குள்ளதான இருக்கு" என்றாள்.

ஜூன் 14, சனி

காப்பி ஆறிவிட்டது. புஷ்பம் இன்று நோட்டைப் பிடுங்கவில்லை. எழுதிக்கொள் என்று போய்விட்டாள்.

மத்தியானம் வரை வேலை ஓடியது. மூன்று மணிவாக்கில் இரண்டு கிழிசல் பாக்கி, இரண்டும் பெரியவை. சந்தியாகு குவியலுக்கு அந்தப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டான். இந்தப் பக்கம் நான். நடுவில் வலை மலைபோல் கிடந்ததால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ரீகனின் ஆட்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பீடி புகை உள்ளே வந்தது. அவர்கள் இந்தப் படகுக்கு வலை ஏற்ற வந்தார்களா, வேறு படகுக்குப் போவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

மேல் முடிச்சில் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி கரகரத்தது. ஜெபம் நடந்தது. வரவேற்புரை நடந்தது. அதிகாரி பேசினார். பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் வகுப்பில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கைதட்டல் கேட்டது. நான் கிழிசலின் நடுவில் இருந்தேன்.

பிறகு டீச்சரின் குரல். "அடுத்து, தான் எழுதிய பக்கத்தை வாசிக்க, திரு. தொம்மை அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

திரு. தொம்மை அவர்கள். என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்பது இதுதான் முதல் தடவை. கடற்கரை முழுக்கக் கேட்டது.

முழங்கால் எழுந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. முழங்கால் தானாக எழுந்தது. ஊசி மட்டும் எழவில்லை. அது கண்ணிக்குள் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். இந்தக் கண்ணி, அடுத்த கண்ணி, அதற்கு அடுத்தது. முழங்கால் இறங்கியது.

இரண்டாவது தடவை கூப்பிட்டார். "திரு. தொம்மை அவர்கள் எங்கிருந்தாலும்..."

வாசலில் ரீகன், "பாட்டையா, ஒங்களத்தான்" என்றான். நான் தலை நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து கண்ணி மங்கியது. தோளில் துடைத்துக்கொண்டேன். கையை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கீழே மூன்று கால் நிற்கிற முடிச்சு வந்தது. போட்டு இறுக்கி நூலை அறுத்தேன். "ஆச்சு" என்றேன். "இங்கயும் ஆச்சு" என்று அந்தப் பக்கம் சந்தியாகு சொன்னான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

மணலில் விரித்து இழுத்தார்கள். என் பக்கம் பாயாகப் படுத்தது. ரீகன் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். ஆட்களிடம், "தூக்குங்கல" என்றான். வலை தோள்களில் ஏறி 'அலைகளின் அன்னை'க்குப் போனது. ஜெசிந்தா படகின் மேலே நின்றாள். இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறாள்.

"போங்க மாமா, பள்ளிக்கூடத்துக்கு" என்று அங்கிருந்தே கத்தினாள்.

போனேன். அதிகாரி போய்விட்டார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு ஆடு நின்றது. ஆனால் மைக் மட்டும் அப்படியே இருந்தது. மைக்செட்காரன் வயரைச் சுற்றாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தான். டீச்சர் என் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க ஐயா. வாசிங்க" என்றார்.

"யாருமே இல்லியே டீச்சர்."

"ஒலிபெருக்கி கடலப் பாத்துத்தான இருக்கு."

பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்தேன். மே ஐந்தாம் தேதி எழுதிய பக்கம்தான். புதிதாக எழுத நேரமில்லை. வாசித்தேன். மூன்று கால் நிற்கிற முடிச்சில் தொடங்க வேண்டும். தொடங்கியவன் முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுதியபோது இருந்த மிடுக்கு வாசிக்கும்போது இல்லை. ஆனால் ஒரு சொல்லிலும் நான் தடுமாறவில்லை. முடித்ததும் கடற்கரைப் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டது. வலை ஏற்றிக்கொண்டிருந்த பயல்கள்.

எனக்காக ஏன் காத்திருந்தார்கள் என்று டீச்சரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தூங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

விடியும் முன்பே படகுகள் இறங்கிவிட்டன. 'அலைகளின் அன்னை'யும் இறங்கியது. ரீகன்தான் ஓட்டினான்.

பகல் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. ஜெசிந்தா மாதா சிலை இருக்கிற கெபிக்கும் துறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாமல் இருக்க நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வலையில் எங்காவது ஒரு கண்ணி தப்பியிருக்குமா? விரித்துப் பார்த்தாயிற்று. இருந்தும் கை அந்தக் கண்ணிகளையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தது. ஊசி இல்லாமல், நூல் இல்லாமல்.

பொழுது அடையும்போது வந்தார்கள். படகு தாழ்ந்து வந்தது. தாழ்ந்து வருகிற படகைப் பார்க்கிற சந்தோஷத்தை எழுத எனக்கு இன்னும் படிப்பு போதாது. கூடை கூடையாக இறக்கினார்கள். ஜெசிந்தா அழுதாள். அன்றைக்கு அழாமல் வைத்திருந்ததை எல்லாம் இன்று அழுதாள்.

ரீகன் என்னைத் தேடி வந்தான். "பாட்டையா, வலை நல்லா நின்னுச்சு. கடைசி இழுப்புல மட்டும் ஒரு இடத்துல கிழிஞ்சிருச்சு. பெருசா இல்ல. நாளைக்குப் பாத்துருங்க."

"என் பக்கமா?"

"இருட்டுல யாரு பக்கம்னு யாரு பாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

கிழிந்த இடத்தைத் தேடி எடுத்தேன். என் பக்கம் இல்லை. சந்தியாகுவின் பக்கம். ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் தொங்கியது.

அவன் பக்கத்தில் நான் சிவப்பு நூலைப் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை விரித்தபோது எல்லோரும் என் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பக்கத்தை யார் பார்ப்பார்கள்?

"ஏல சந்தியாகு, இது எப்பம் உள்ளது?"

அவன் ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். "நீரு எந்திரிக்காத அன்னைக்கு உள்ளது."

"அன்னைக்கு நாந்தான் எந்திரிக்கலியே."

"நான் எந்திரிச்சேன்." நூல் சுற்றுவதை அவன் நிறுத்தவில்லை. "டீச்சரு ரெண்டாந்தடவ கூப்புட்டாவள்ளா? பின்வாசல் வழியா ஓடிப்போயி, அத்தான் கிழிசல்ல இருக்காரு, முடிச்சிட்டு வருவாரு, மைக்க அவுத்துராதீயன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன். வந்து பாத்தா எந்தக் கண்ணில விட்டேன்னு தெரியல. சரி, தப்பிருக்கும்னு நூலக் கட்டிவச்சேன். அதேபோல தப்பித்தான் இருக்கு."

எழுதத் தெரிந்தும் பயனில்லை, சொல்லத் தெரியவில்லை.

"அறிவிருக்கால ஒனக்கு? நடுவுல எந்திரிக்கலாமா?" என்றேன்.

"நீரு கேக்கதுதான் நியாயம்" என்று சிரித்தான்.

கிழிசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்தோம். ஓரத்தை ஒழுங்கு செய்தேன். மேல் முடிச்சை அவன் காட்டினான். நான் பின்னினேன், அவன் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டான். வாசலில் யாரோ "தொம்மை வாத்தியாரே" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே நிமிரவில்லை. கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டவரே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

சிவப்பு நூலை அவிழ்த்து நோட்டின் இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கீழ் முடிச்சுப் போட்டு நூலை அறுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

சந்தியாகு கூப்பிடுகிறான். டீ குடிக்கத்தான்.